பிறந்தநாளுக்கு ஒரு பகல் பயணம்

பல்கலைக்கழக விடுதிகளில் பிறந்தநாள் என்றால் பெரும்பாலும் ஒரே முறைதான். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு அறைக்கதவைத் தட்டுவார்கள். வெட்டுவதற்குள் பாதி கேக் முகத்தில் அப்பியிருக்கும். சில வேளைகளில் மாவும் முட்டையும் சேர்ந்துகொள்ளும். சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால், அந்த நண்பருடன் அன்று என்ன பேசினோம் என்று மறுநாள் யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வராது. படங்கள் மட்டுமே இருக்கும்.

இன்னொரு முறையும் உண்டு. நண்பரின் பிறந்தநாளன்று, இதுவரை பார்க்காத ஒரு நகருக்கு அவரோடு சேர்ந்து போய், அன்றிரவே வீடு திரும்புவது. அதை எப்படிச் செய்யலாம் என்பதை, சென்ற ஆண்டு நானும் என் தோழியும் போய்வந்ததை வைத்து இங்கே சொல்கிறேன்.

உண்மையில் இது நமக்குப் புதிதன்று. என் பாட்டி வாழ்ந்த தோட்டத்தில் பிறந்தநாள் கொண்டாட்டம் கிடையாது. தாம் பிறந்த தேதியே பாட்டிக்குத் தெரியாது. ஆனால், பகல் பயணம் இருந்தது. தைப்பூசத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு லோரி ஏறிப் பத்துமலைக்குப் போவார்கள். ஆண்டு முழுவதும் பால்மரம் வெட்டியவர்கள் அந்த ஒரு நாளைப் பற்றி அடுத்த தைப்பூசம் வரை பேசுவார்களாம்.

ஏன் பரிசு வாங்கவில்லை?

தோழியும் நானும் சுங்கை சோவில் தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் படிவம் வரை ஒரே வகுப்பு. எஸ்.பி.எம். முடிந்ததும் நான் ஆறாம் படிவத்துக்குப் போனேன். அவள் ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. ஆயினும், பேச்சு மெல்ல மெல்ல “சாப்டியா?”, “சாப்டேன்” என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. அவளுக்குப் பரிசு வாங்கினால் அதைவிட விலை கூடிய ஒன்றை எனக்குத் திருப்பித் தருவாள். அது அவள் குணம். திருப்பித் தரத் தேவையில்லாத ஒன்றைத் தர வேண்டுமானால், அது ஒரு முழு நாள்தான் என்று தோன்றியது.

எந்த ஊர்?

மூன்று விதிகளை வைத்துக்கொண்டோம். ஒரு வழிப் பயணம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. இறங்கும் இடத்திலிருந்து நடந்தே பார்க்க நிறைய இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: ஊர் இருவருக்குமே புதிதாக இருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்த ஊராக இருந்தால், அவர் வழிகாட்டியாகவும் மற்றவர் விருந்தாளியாகவும் ஆகிவிடுவார்கள். இருவரும் சேர்ந்து வழி கேட்டால்தான் பழைய நட்பு வெளியே வரும். மூன்றுக்கும் பொருந்தியது ஈப்போ.

எப்படிப் போவது?

எங்கள் பகுதிக்கு ரயில் பெரிய வசதி. ரவாங்கோடு நின்றிருந்த கொமுட்டர் சேவை 2007-இல் ராசா வரையும், 2009-இல் தஞ்சோங் மாலிம் வரையும் நீண்டது. 2010 ஆகஸ்டில் ஈப்போவுக்கு இ.டி.எஸ். மின்ரயில் வந்தது. செரண்டாவில் கொமுட்டர் ஏறி ரவாங்கில் மாறிக்கொள்ளலாம். எல்லா இ.டி.எஸ். ரயில்களும் ரவாங்கில் நிற்பதில்லை என்பதால் நேர அட்டவணையைப் பார்ப்பது அவசியம். போக, வர இரண்டு டிக்கெட்டுகளையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். விடுமுறை நாட்களில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது.

வீட்டில் அனுமதி வாங்கவும் அந்தத் திரும்பும் டிக்கெட்தான் உதவியது. “ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க, அவ்ளோ தூரமா?” என்றார் தோழியின் அம்மா. வீடு வந்து சேரும் நேரத்தைக் காட்டியதும் சற்றுத் தணிந்தார். மறுநாள் காலை புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு வாசலில் நின்றார்.

செலவையும் முதலிலேயே பேசி முடித்தோம். டிக்கெட் அவரவர் கணக்கு, பசியாறுவது என் கணக்கு, மதியத்துக்குக் கட்டுச்சோறு. இதனால் யாருக்கும் கூச்சம் இல்லை.

என்ன பார்ப்பது?

கம்பாரைத் தாண்டியதும் சுண்ணாம்புக்கல் மலைகள் தெரியத் தொடங்கும். ஈப்போ ரயில் நிலையமே முதல் காட்சி. ஹப்பக் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வரைந்த இந்த வெள்ளைக் கட்டடம் 1917-இல் எழுந்தது. கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையமும் அவர் வரைந்ததே. இதை நான் சொன்னதும் தோழி, “வரைஞ்சவரு பேரு தெரியுது. கல்லு தூக்குனவங்க பேரு எங்கடி இருக்கு?” என்று கேட்டாள். அவளுடைய தாத்தா தண்டவாள வேலை பார்த்தவர். மலாயாவில் ரயில் தடம் போட்டதிலும் அதைப் பராமரித்ததிலும் தமிழ்த் தொழிலாளர்களின் பங்கு பெரிது. பள்ளி வரலாற்றுப் பாடத்தில் கேட்காத கேள்வியை அவள் அங்கே கேட்டாள்.

நிலையத்தின் எதிரே ஈப்போ மரம் இருக்கிறது. இதன் நச்சுப் பாலைத்தான் பூர்வகுடியினர் ஊதுகுழல் அம்பில் தடவினர். ஊருக்குப் பெயர் தந்ததும் இம்மரமே. சற்று நடந்தால் 1909-இல் எழுப்பப்பட்ட பர்ச் நினைவு மணிக்கூண்டு. 1875-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட பேராவின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் நினைவாகக் கட்டியது. அருகிலுள்ள சாலைகளுக்கோ, அக்கொலையில் தொடர்புடைய டத்தோ மகாராஜாலேலா, டத்தோ சாகோர் ஆகியோரின் பெயர்கள்! இரு தரப்பின் வரலாற்றையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம்.

லகாட் சாலையில் லிட்டில் இந்தியா. பழைய நகரில் 2014-இல் வரையப்பட்ட சுவரோவியங்கள். பாம் எண்ணெய் மார்ஜரின் சேர்த்து வறுத்த கொட்டையில் போடும் வெள்ளைக் கோப்பி. குனோங் செரோவில் உள்ள கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலுக்கு மட்டும் வாடகைக் கார் எடுத்தோம். அங்கே தோழியின் பெயருக்கு அர்ச்சனை செய்தோம். எல்லாவற்றையும் பார்க்க அவசரப்படாதீர்கள். நான்கைந்து இடங்கள் போதும். உட்கார்ந்து பேச நேரம் வேண்டும்.

திரும்பும் ரயிலில்தான் தோழி அதைச் சொன்னாள். வேலையிடத்தில் மேற்பார்வையாளர் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஆறு மாதமாக யோசிக்கிறாளாம். “ஏன்டி ஒரு மெசேஜாவது போட்டிருக்கலாமே?” என்றேன். “அதுல எப்படிடி இதையெல்லாம் சொல்றது?” என்றாள். தஞ்சோங் மாலிம் வரும்வரை அதைப் பற்றியே பேசினோம். அடுத்த வாரமே பெயர் கொடுத்தாள்.

நண்பர்களே, ஊர் ஈப்போவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1885-இல் நாட்டின் முதல் ரயில் ஓடிய தைப்பிங் இருக்கிறது. 2008-இல் உலகப் பாரம்பரியத் தகுதி பெற்ற மலாக்கா இருக்கிறது. பட்டம் பெற்றுப் பல ஊர்களில் வேலை செய்யும் மூத்த மாணவர்களே, உங்களோடு தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவருக்கும் இந்த ஆண்டு ஒரு பிறந்தநாள் வரும். தேதியைப் பார்த்து, இரண்டு டிக்கெட்டுகளுக்கு இப்போதே இடம் பிடியுங்கள்.