'சித்தி' ராதிகா: சீரியலில் நடித்தவர் மட்டுமல்ல... சீரியலுக்கே முதலாளி!

இரவு 9.30 மணி. 1999 டிசம்பரில் சன் டிவியில் 'சித்தி' தொடங்கிய பிறகு, தமிழ்நாட்டில் பல வீடுகளில் அந்த நேரத்துக்குள் சமையல், சாப்பாடு எல்லாம் முடிந்துவிடும்.

பந்தலூர் பக்கம் இருக்கும் சேரங்கோடு போன்ற ஊர்களில் அந்த அரை மணி நேரத்துக்கு மதிப்பு இன்னும் அதிகம். பகலெல்லாம் தேயிலை பறித்து, எடை போட்டுவிட்டு வந்து, வீட்டு வேலையும் பார்க்கும் பெண்கள் நிறைந்த ஊர். இருட்டிவிட்டால் யானை பயம். வெளியே போக முடியாது. லைன் வீடுகளில் டிவிதான் துணை.

இங்குள்ள டேன்டீ தோட்டக் குடும்பங்களில் பல, 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவை. அவர்கள் ரசித்த ராதிகாவுக்கும் இலங்கை புதிதல்ல. அவர் அங்கும் இங்கிலாந்திலும் படித்தவர்.

ரயிலில் ஏறிய பாஞ்சாலி

'நடிகவேள்' எம்.ஆர்.ராதாவின் மகளான ராதிகாவை, 1978-ல் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் பாஞ்சாலியாக அறிமுகப்படுத்தினார் பாரதிராஜா. தமிழ், தெலுங்கு என வரிசையாகப் படங்கள். 1985-ல் 'மீண்டும் ஒரு காதல் கதை' படத்தில் நடித்ததோடு தயாரிப்பிலும் இறங்கினார். அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதை அந்தப் படம் பிரதாப் போத்தனுக்குப் பெற்றுத் தந்தது.

முதலாளி நாற்காலி

முப்பத்தைந்தைத் தாண்டிய நாயகிகளுக்கு சினிமா பெரும்பாலும் அம்மா, அண்ணி வேடங்களைத்தான் நீட்டும். அந்த வயதில் ராதிகா கையில் எடுத்தது சின்னத்திரையை. அதுவும் தன் சொந்த நிறுவனமான ராடான் மூலமாக!

சித்தி என்றாலே கொடுமைக்காரி என்று கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மூத்த தாரத்துப் பெண்ணையும் பாசத்தோடு வளர்க்கும் சாரதாவாக வந்து, அந்தச் சொல்லின் மேல் இருந்த பயத்தைப் போக்கினார்.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு சீரியல் ராணி உண்டு. 'ஆல் மை சில்ரன்' தொடரில் 1970 முதல் 2011 வரை எரிக்கா கேனாக நடித்த சூசன் லூச்சி. எம்மி விருதுக்கு 18 முறை பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்காமல், 19-வது முறைதான் ஜெயித்தார். அதுவும் 'சித்தி' தொடங்கிய அதே 1999-ல்! ஆனால், அவர் நடித்த தொடரை உருவாக்கியவர் ஆக்னஸ் நிக்சன் என்ற எழுத்தாளர். நம்ம ராதிகாவோ நாயகியும் அவரே, தயாரிப்பாளரும் அவரே.

அடுத்தடுத்து ஹிட்

'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே' என்று தொடர்ந்தது பயணம். 2013-ல் தொடங்கிய 'வாணி ராணி'யில் வக்கீல் வாணி, இல்லத்தரசி ராணி என இரட்டை வேடம். 1,700 எபிசோடுகளைத் தாண்டி ஓடிய அந்தத் தொடர் 2018-ல்தான் முடிந்தது. ராடான் நிறுவனமோ பங்குச்சந்தை வரை போனது.

சீரியல் என்றாலே அழுகை, மாமியார் சண்டை என்ற விமர்சனம் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால், தன் சம்பளத்தில் குடும்பத்தை நடத்தும் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு ராதிகாவின் கதையில் பிடித்துப்போக வேறொரு விஷயம் இருக்கிறது. வாய்ப்பு தேடி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தனக்கான வேலையைத் தானே உருவாக்கிக்கொண்டார். கூடவே, இன்னும் பலருக்கும் வேலை கொடுத்தார்.

உங்க வீட்டு அம்மா, பாட்டிக்கு இன்றும் மறக்காத ராதிகா சீரியல் எது? இன்றைக்கே கேட்டுப் பாருங்களேன்!