தில்லி குளிரில் சுட்ட சர்க்கரைவள்ளி: சட்டம் தந்த இடமும் அணைக்கப்படும் தணலும்

புதுதில்லி: தீபாவளி முடிந்து, மாலை ஐந்தரை மணிக்கே இருள் கவியத் தொடங்கியதும் தலைநகரின் நடைபாதைகளில் ஒரு மணம் எழும். கரிந்த தோலும், கசிந்து பாகான இனிப்பும், எலுமிச்சையும் கலந்த மணம் அது. மூங்கில் தாங்கியின் மீது அகன்ற தட்டு; தட்டின் நடுவே சாம்பல் போர்த்திய தணல்; அதைச் சுற்றிக் கோபுரம்போல் அடுக்கிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு. "ஷகர்கந்தி' என்று தில்லிவாசிகள் அழைக்கும் இக்கிழங்கின் வருகையே அவர்களுக்குக் குளிர்கால அறிவிப்பு. வானிலைத் துறையின் அறிவிப்பு அதன் பிறகுதான் வரும்.

நட்சத்திர விடுதிகளின் உணவுப் பட்டியலில் "சுட்ட காய்கறி சாலட்' என்ற பெயரில் பெரும் விலைக்கு இடம்பெறும் பண்டத்தை, ஜன்பத்திலும் கரோல் பாகிலும் சாந்தினி சௌக்கிலும் மக்கள் தொன்னையில் வாங்கி நின்றபடியே உண்கின்றனர். அலுவலகம் விட்டு மெட்ரோ நிலையத்தை நோக்கி நடக்கும் அரசு ஊழியர், கடைவீதிக்கு வந்த குடும்பத்தினர், ஆட்டோ ஓட்டுநர் என எவரும் இதற்கு விலக்கல்ல. விரதம் இருப்போருக்கும் இது ஆகும். தானியம் விலக்கும் நாளில் இக்கிழங்குக்கு அனுமதி உண்டு. கார்த்திகை மாத வளர்பிறை ஏகாதசியன்று வட இந்திய வீடுகளில் கரும்பு, நீர்ச்சிங்காரக் கொட்டையுடன் சர்க்கரைவள்ளியும் படையலில் வைக்கப்படுகிறது. பொங்கல் படையலில் இதே கிழங்கைக் காணும் தமிழருக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால், தமிழகத்தில் பெரும்பாலும் வேகவைத்து உண்ணப்படும் கிழங்கு, இங்கு சுட்டே உண்ணப்படுகிறது. அந்த வேறுபாட்டில்தான் சுவையும் இருக்கிறது. இப்போதைய சிக்கலும் இருக்கிறது.

தணல் செய்யும் வேலை: ஷகர்கந்தி சுடுவதற்குப் பெரிய திறமை வேண்டாம் என்று தோன்றும். ஆனால், அவசரப்பட்டவருக்கு அது வாய்ப்பதில்லை. நடுத்தரப் பருமனுள்ள, நீண்ட, சிவந்த தோல் கிழங்கே ஏற்றது. மிகப் பருத்த கிழங்கு வெளியே கரிந்து உள்ளே பச்சையாக நின்றுவிடும். மண் போகக் கழுவி, தோலுடனேயே ஈரம் உலர வைக்க வேண்டும். கொழுந்துவிட்டு எரியும் தீயில் இடக் கூடாது. மரக்கரி எரிந்து அடங்கி, மேலே வெண்சாம்பல் படர்ந்த பிறகு அந்தச் சாம்பலுக்குள் புதைக்க வேண்டும். இரும்புச் சட்டியில் மணலைக் காய்ச்சி அதற்குள் புதைப்போரும் உண்டு. அவ்வப்போது புரட்டிவிட்டால் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் கத்தி தடையின்றி இறங்கும்.

இந்தப் பொறுமைக்கு அறிவியல் காரணம் உண்டு. சர்க்கரைவள்ளியில் உள்ள ஒரு நொதி, கிழங்கின் மாவுப் பொருளை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுகிறது. ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் அது நன்கு வேலை செய்யும். அதற்கு மேல் சூடு ஏறினால் செயலிழந்துவிடும். கொதிநீரில் இட்ட கிழங்கு அந்த வெப்ப எல்லையை விரைவில் கடந்துவிடுகிறது. சாம்பலில் புதைத்ததோ மெல்ல மெல்லக் கடக்கிறது. அதனால்தான் ஒரே மூட்டையில் வந்த கிழங்குகளில் சுட்டது தேனாகவும், வேகவைத்தது வெறும் கிழங்காகவும் இருக்கின்றன.

மற்றவை நொடியில் முடியும். சூட்டோடு தோலை உரித்து, பெருவிரல் பருமனுக்குத் துண்டு போடுவர். முதலில் எலுமிச்சைச் சாறு. அந்த ஈரத்தில்தான் பொடி ஒட்டும். பிறகு கருப்பு உப்பு, வறுத்துப் பொடித்த சீரகம், மாங்காய்த் தூள், சிறிது மிளகாய்த் தூள். விரதக்காரர் கேட்டால் கருப்பு உப்புக்குப் பதில் இந்துப்பு. கடைசியாக, கம்ரக் என்ற நட்சத்திரப் பழத்தை மெல்லிதாக அரிந்து சேர்ப்பர். அதன் கூர்மையான புளிப்பு இல்லாவிட்டால் கிழங்கின் இனிப்பு திகட்டிவிடும் என்பதால், கம்ரக் வைத்திராத வியாபாரியைத் தில்லிக்காரர்கள் சற்றுக் குறைவாகவே மதிப்பார்கள். தொன்னையைக் குலுக்கி, பல் குத்தும் குச்சி ஒன்றைச் செருகித் தந்தால் ஆயிற்று.

வீட்டில் செய்வோருக்குத் தணல் வாய்க்காது. மின் அடுப்புப் பெட்டியை 200 டிகிரிக்குச் சூடாக்கி, முழுக் கிழங்கை முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வைத்தால் ஏறக்குறைய அதே பதம் வரும். கனமான இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, மூடி, சிறு தீயிலும் சுடலாம். தில்லிச் சந்தைக்குக் குளிர்காலத்தில் வரும் சிவப்பு கேரட், காலிஃபிளவர் ஆகியவற்றையும் துண்டு போட்டு, எண்ணெய் பூசி, அதே தட்டில் கடைசி 25 நிமிடம் வாட்டிச் சேர்க்கலாம். ஆனால், எந்த வீட்டு அடுப்பாலும் அந்தக் கரிமணத்தைத் தர இயலாது. அதனால்தான் வசதி உள்ளோரும் நடைபாதைக்கு வருகின்றனர்.

நாடாளுமன்றம் தந்த உரிமை: நடைபாதையில் வியாபாரம் செய்வதும் அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு காக்கும் தொழில் உரிமையில் அடங்கும் என உச்ச நீதிமன்றம் 1989-ஆம் ஆண்டிலேயே கூறியது. புதுதில்லி நகராட்சிக்கு எதிரான வழக்கில்தான் அத்தீர்ப்பு வந்தது. உரிய சட்டத்தை 2011 ஜூன் 30-க்குள் இயற்றுமாறு 2010-இல் நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது. எனினும் அதற்கான மசோதா 2012 செப்டம்பரில்தான் தாக்கலாகி, 2013 செப்டம்பர் 6-ஆம் தேதி மக்களவையிலும், தெலங்கானா பிரச்னையால் இரு அவைகளும் கொந்தளித்துக் கொண்டிருந்த வாரத்தில், 2014 பிப்ரவரி 19-ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அதே ஆண்டு மே 1-ஆம் தேதி சட்டம் அமலுக்கு வந்தது.

காகிதத்தில் இது வலுவான சட்டம். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும் வரை எந்த வியாபாரியையும் வெளியேற்றக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு தேவை. பறிமுதல் செய்த பொருள் அழுகக்கூடியதாயின், உரியவர் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதத்தினர் தேர்ந்தெடுக்கப்பட்ட வியாபாரிகளாக இருக்க வேண்டும். மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரையிலான வியாபாரிகளுக்கு நகரம் இடம் தர வேண்டும். 1.67 கோடிப் பேர் வசிப்பதாக 2011 கணக்கெடுப்பு கூறிய தில்லிக்கு இதன்படி நான்கு லட்சத்துக்கும் அதிகமானோருக்கு இடம் கணக்காகிறது.

நடைமுறை வேறு. புதிய குற்றவியல் சட்டங்கள் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1-ஆம் தேதி, புதுதில்லி ரயில் நிலையப் பகுதியில் நடைமேம்பாலத்தின்கீழ் கடை வைத்திருந்த வியாபாரி ஒருவர் மீது பாதையை மறித்ததாக வழக்குப் பதிவானது நாடெங்கும் பேசப்பட்டது. பின்னர் அவ்வழக்கு கைவிடப்பட்டது. 2014-இன் சட்டம் ஒன்று இருப்பதை அந்த முதல் தகவல் அறிக்கையை எழுதியவர் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

புகை மண்டலமும் தணலும்: ஷகர்கந்தி வியாபாரியின் நிலை இன்னும் வேறுபட்டது. அவருக்கு வருமானம் தரும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே தில்லியின் காற்று மிக மோசமாகும் மாதங்கள். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து 2017 ஜனவரியில் அறிவிக்கை செய்யப்பட்ட படிநிலைச் செயல்திட்டம், இப்போது காற்றுத் தர மேலாண்மை ஆணையத்தின் பொறுப்பில் உள்ளது. காற்றுத் தரக் குறியீடு 200-ஐத் தாண்டினால் முதல் நிலை, 300-ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை, 400-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை, 450-க்கு மேல் நான்காம் நிலை. லாரிகளுக்கும் கட்டுமானப் பணிகளுக்கும் கடுந்தடை வருவது பிந்தைய நிலைகளில். உணவகங்களிலும் திறந்தவெளி உணவுக் கடைகளிலும் உள்ள தந்தூரி அடுப்புகளில் நிலக்கரிக்கும் விறகுக்கும் தடை வருவதோ தொடக்க நிலைகளிலேயே. ஆக, லாரி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுப்பு அணைந்தாக வேண்டும்.

இத்தடைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தில்லி அரசுக்காக ஐஐடி கான்பூர் தயாரித்து 2016-இல் வெளியான ஆய்வு, நகரின் சுமார் 9,000 உணவகங்கள் நிலக்கரியைப் பயன்படுத்துவதாகக் கூறி, அதைக் கைவிடப் பரிந்துரைத்தது. தணலுக்கு முகம் கொடுத்து நாள்தோறும் பல மணி நேரம் நிற்கும் வியாபாரியின் நுரையீரலும் இந்தக் கணக்கில் சேரும். அவருக்கு முகக்கவசம் தரவும் ஆளில்லை; அடுப்பை மாற்றித் தரவும் ஆளில்லை.

விதிகளிலேயே ஒரு மயக்கம் உள்ளது. தலைநகர வட்டாரம் முழுவதும் 2023 ஜனவரி 1 முதல் அனல் மின் நிலையங்கள் தவிர மற்றவற்றில் நிலக்கரிக்குத் தடை விதித்த ஆணையம், அனுமதிக்கப்பட்ட எரிபொருள் பட்டியலில் திறந்தவெளி உணவுக் கடைகளின் தந்தூரிகளுக்கும், துணி தேய்ப்போருக்கும் மரக்கரியை அனுமதித்தது. நிலக்கரி வேறு, மரக்கரி வேறு. ஆனால், பேச்சுவழக்கு ஹிந்தியில் இரண்டுமே "கோய்லா'தான். நடைபாதையில் நிற்கும் காவலரும் மாநகராட்சி ஊழியரும் காண்பது புகையும் கோய்லாவும் மட்டுமே. 2025 டிசம்பரில் தில்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு, உணவகங்களிலும் திறந்தவெளிக் கடைகளிலும் நிலக்கரி, விறகு தந்தூரிகளுக்கு முற்றிலும் தடை விதித்த பிறகு இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லி வாதாடும் துணிவு எந்த வியாபாரிக்கும் எளிதில் வராது. தந்தூரி அடுப்பே இல்லாத, ஒரு தட்டுச் சாம்பலை மட்டுமே வைத்திருப்பவர் இவ்விதிகளுள் எதில் அடங்குவார் என்பதும் தெளிவாக்கப்படவில்லை.

விவசாயிக்குக் கிடைத்தது: ஆணையத்தின் உத்தரவை மீறுவோருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை அல்லது ரூ. 1 கோடி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 2021 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம் வகை செய்கிறது. பயிர்த்தாள் எரிக்கும் விவசாயிகளுக்கு இத்தண்டனைப் பிரிவிலிருந்து விலக்கு உண்டு. தில்லி எல்லையில் போராடிய விவசாயச் சங்கங்களுடன் 2020 டிசம்பர் 30-இல் நடந்த பேச்சில் அரசு ஒப்புக்கொண்டதன் விளைவு அது. குடியிருப்புக் காவலாளிகள் குளிர்காய நெருப்பு மூட்டாதிருக்க, குடியிருப்போர் சங்கங்கள் மின் கணப்பு வாங்கித் தர வேண்டும் என்று படிநிலைத் திட்டமே கூறுகிறது. இரண்டும் நியாயமான ஏற்பாடுகள். நெருப்பை விடுமாறு கேட்கும்போது மாற்று ஒன்றைத் தர வேண்டும் என்பதை அரசு அறியாமல் இல்லை என்பதற்கு அவையே சான்று. நடைபாதை வியாபாரிக்கு மட்டும் அந்த மாற்று எழுதப்படவில்லை.

எரிவாயு அடுப்புக்கு மாறலாம் என்று சொல்வது எளிது. வணிக சிலிண்டரின் விலையும், அதை நடைபாதையில் வைப்பதற்கான பாதுகாப்பு விதிகளும் எதிரே நிற்கின்றன. பிணையின்றி ரூ. 10 ஆயிரம் கடன் தரும் திட்டமாக 2020 ஜூனில் தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் பின்னர் முதல் தவணை ரூ. 15 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. அந்தக் கடன் வியாபார முதலுக்கானது. தூய எரிபொருளுக்கு மாறுவதற்கெனத் தனிப் பகுதி அதில் இல்லை. இருப்பிடத்திலேயே கிழங்கைச் சுட்டுக் கொண்டுவந்து, நடைபாதையில் சூடு மட்டும் காக்கும் வழியைச் சிலர் பின்பற்றுகின்றனர். இதனால் புகை குறைவதில்லை. ஜன்பத்திலிருந்து குடிசைப் பகுதிக்கு இடம் மாறுகிறது.

கேள்வி நேரத்தில் இதை எழுப்ப விரும்பும் உறுப்பினருக்கும் ஒரு தடை உண்டு. வியாபாரியின் இடம் வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகத்தின் பொறுப்பு. அவரது புகை சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பொறுப்பு. ஒரு கேள்விக்கு ஓர் அமைச்சகமே விடையளிக்கும். குளிர்காலக் கூட்டத்தொடரில் ஆண்டுதோறும் காற்று மாசு குறித்து உறுப்பினர்கள் முகக்கவசம் அணிந்து முழக்கமிடுவதையும், வேறொரு நாளில் சாலையோர வியாபாரிகளுக்கான கடன் குறித்த புள்ளிவிவரம் அவையில் வைக்கப்படுவதையும் காணலாம். இரண்டும் ஒரே மனிதரைப் பற்றியவை என்ற நினைவு எந்த விடையிலும் இராது.

2014-ஆம் ஆண்டு சட்டத்தில் இவரைப் போன்றோருக்கு மற்றோர் இடர்ப்பாடும் உள்ளது. வேறு வாழ்வாதாரம் இல்லை என்று உறுதிமொழி அளித்தால்தான் சான்றிதழ் கிடைக்கும். பருவத்துக்கு ஒரு பண்டம் விற்பவரோ, பாதி ஆண்டு கூலி வேலைக்குச் செல்பவரோ அந்த உறுதிமொழியை எப்படி அளிப்பது? சட்டப்படி கணக்கெடுப்பு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையேனும் நடக்க வேண்டும். எந்தப் பருவத்தில் என்று சட்டம் கூறவில்லை.

ஹோலி நெருங்கும்போது கிழங்கின் வரத்து குறையும், வெயில் ஏறும். சாம்பல் தட்டு கழுவி வைக்கப்படும். அதே மூங்கில் தாங்கியில் வெள்ளரிக்காயும், அதே கருப்பு உப்பும் எலுமிச்சையும் வந்துசேரும். மே மாதத்தில் கணக்கெடுக்க வருபவர்கள் காண்பது வெள்ளரிக்காய் வியாபாரி ஒருவரை மட்டுமே.