புல்லிடையே பினரப் பூ

ஆவணி கழிந்து புரட்டாசி பிறக்கும் வேளையில், நுவரெலியாவைச் சூழ்ந்த உயர்ந்த பத்தனைப் புல்வெளிகளில் நீலமும் ஊதாவும் கலந்த மலரொன்று விரியக் காணலாம். சிங்கள மக்கள் அதனைப் பினர என்பர். அவர்களுடைய பினர மாதமும் அப்பருவத்திலேயே வருகின்றது. தாவர நூலார் இட்ட பெயர் எக்சாகம் டிரைநெர்வியம். இலங்கைக்கே உரிய செடி இது. வலப்பனைப் பகுதியில், இராகலை, உடப்புசல்லாவை போன்ற குளிர்ந்த மேட்டுத் தோட்டங்களில் வாழும் நேயர்கள் இதனை வீட்டருகே வளர்த்துப் பார்க்கலாம். ஆனால் ரோசாவை வளர்ப்பது போலன்று.

ஐந்து இதழ்களின் நடுவே மஞ்சள் நிற மகரந்தப் பைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் சிறு துளை உண்டு. தேனீ பையைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்யும். அவ்வதிர்வில் மகரந்தம் துளை வழியே உதிரும். ஆகவே, தேனீ வராத இடத்தில் விதையும் அரிதாகும். தோட்ட ஓரத்துப் புல்லுக்கெல்லாம் மருந்தடித்துவிட்டு இப்பூவை எதிர்பார்ப்பது வீண்.

விதை தூசியைப் போன்றது. அதனை மண்ணுள் புதைத்தல் ஆகாது. முளைப்பதற்கு வெளிச்சம் வேண்டும். வடகீழ்ப் பருவமழை ஒரே நாளில் விதை முழுவதையும் அடித்துச் சென்றுவிடுமாதலால், கூரையோரத்தில் ஒரு தட்டிலே தூவி, நாற்று விரலளவு வளர்ந்தபின் எடுத்து நடுக. இளந்தண்டை வெட்டி வைத்தாலும் வேர்விடும். தேயிலை வளரும் புளிப்பு மண் இதற்கும் ஏற்றதே; சுண்ணாம்பு இடவேண்டா. நீர் தேங்கினால் வேர் அழுகும்.

நடுவதற்காகச் சரிவிலுள்ள புல் முழுவதையும் கொத்திவிடுவோர் உண்டு. 2007ஆம் ஆண்டு ஜனவரியில் வலப்பனையில் நேர்ந்த மண்சரிவுகளை அறிந்தவர் அவ்வாறு செய்யத் துணியார். புல்லின் வேர் பெருஞ்சரிவைத் தடுத்து நிறுத்தும் என்று நான் சொல்ல வரவில்லை. மேல்மண்ணையாவது அது பற்றி நிற்கும். மானாப்புல்லின் இடையிடையே ஒரு சாண் அகலம் மட்டும் நீக்கி நட்டாற் போதும். செடியை மூடும் புல்லை அவ்வப்போது அரிவாளால் அறுத்துவிடலாம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நம் நாட்டு எக்சாகம் இனங்களை ஒன்றோடொன்று கலந்து, தொட்டிச் செடிகளை உருவாக்கினர். நமக்கோ காட்டுச் செடியே போதும். எனினும் ஹோட்டன் சமவெளியிலிருந்து அதனைப் பிடுங்கி வருதல் கூடாது. அது 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கே செடி பறிப்பது சட்டப்படி குற்றம். அண்டை வீட்டில் வளரும் செடியில் முற்றிய காய் இரண்டு கேட்டுப் பெறுங்கள். மிகுந்தவை அச்செடியிலேயே உதிரட்டும்.