சேமித்தாயிற்று, அலர்ட் மட்டும் வரவில்லை

ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஃபார்ம்ஸில் எழுதிய பழைய செயலிகளைப் பராமரிப்பவர்களுக்கு இந்தத் தலைவலி பழக்கமானது. 'சேவ்' பட்டனை அழுத்தினால் தரவு ஒழுங்காகச் சேமிக்கப்படுகிறது. அதன்பின் ஓடவேண்டிய ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் ஓடுவதில்லை. பிழைச் செய்தியும் கிடையாது.

சர்வரில் உள்ள சி ஷார்ப் நிரல், பிரவுசரில் உள்ள ஃபங்ஷனை நேராக அழைப்பதில்லை. அனுப்பப்போகும் பக்கத்தில் "இதை ஓட்டு" என்று ஒரு வரியை எழுதிவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் முதலில் பார்க்க வேண்டியது, அந்த வரி பிரவுசருக்கு வந்ததா என்பதை. எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் வந்த பதிலுக்குள் ஃபங்ஷன் பெயரைத் தேடுங்கள். வியூ சோர்ஸை நம்ப வேண்டாம். அது சில சமயம் பக்கத்தைப் புதிதாகக் கேட்டு வாங்கிக் காட்டும்.

வரி வரவே இல்லையா? பட்டன் அப்டேட்பேனலுக்குள் இருக்கிறதா பாருங்கள். 2007இல் ஏஎஸ்பி டாட் நெட் அஜாக்ஸோடு வந்த இந்தப் பேனல், பக்கத்தின் ஒரு துண்டை மட்டும் புதுப்பிக்கும். அப்போது பேஜின் கிளையன்ட்ஸ்கிரிப்ட் வழியாகப் பதிந்தவை கழன்றுவிடும். ஸ்கிரிப்ட்மேனேஜரின் ரெஜிஸ்டர்ஸ்டார்ட்அப்ஸ்கிரிப்ட்டுக்கு மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்தது. பேனலில் பழுதில்லை என்றால், ஒரே கீயில் இரண்டு ஸ்கிரிப்ட் பதிந்திருக்கிறீர்களா? இரண்டாவதை ஏஎஸ்பி டாட் நெட் சத்தமில்லாமல் தள்ளிவிடும். அடுத்த வரியில் ரெஸ்பான்ஸ் ரீடைரக்ட் இருந்தால், பக்கமே போய்ச் சேராது; ஸ்கிரிப்ட் எப்படிச் சேரும்?

வரி வந்தும் ஓடவில்லை என்றால் கன்சோலைத் திறங்கள், அங்கே சிவப்பில் காரணம் இருக்கும். எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது மேற்கோள் குறிதான். வாடிக்கையாளர் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் ஒட்டி அலர்ட் எழுதியிருப்பார்கள். முருகனுக்கும் ஃபாத்திமாவுக்கும் வேலை செய்யும். டி'சூசா வந்ததும் வரி நடுவில் உடையும். டாட் நெட் 4 முதல் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட்ஸ்ட்ரிங்என்கோட் இதற்கென்றே உள்ளது. பெயர் என்றில்லை, பயனர் தட்டச்சு செய்த எதையும் அதன் வழியாக அனுப்பாமல் ஸ்கிரிப்டில் ஒட்டக்கூடாது. ஒட்டினால் அது பாதுகாப்பு ஓட்டையும்கூட.

"நாட் டிஃபைன்ட்" என்று வந்தால் ஜேஎஸ் கோப்பு ஏறும் முன்பே அழைப்பு ஓடியிருக்கலாம். ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் ஃபார்ம் முடியும் இடத்தில் உட்காரும். கோப்பு அதற்கும் கீழே இருந்தால் அழைப்பு முந்திக்கொள்ளும். பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் இதே செய்திதான். விபி நிரலில் பழகியவர்கள் இதில் சறுக்குவார்கள். "நல்" என்று வந்தால் ஐடியைச் சந்தேகியுங்கள். மாஸ்டர் பேஜுக்குள் வைத்த கன்ட்ரோலின் ஐடிக்கு முன்னால் வேறு பெயர்கள் சேர்ந்துகொள்ளும். கையால் எழுதாமல் கிளையன்ட்ஐடியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.