சட்டை தந்த அபிமானம்

சாத்தூரில் காராசேவை எந்தக் கடையில் வாங்குவது என்பது பெரும்பாலும் தகப்பனார் காலத்திலேயே தீர்மானமாகிவிடுகிற விஷயம். நாம் ருசி பார்த்துப் பொறுக்கியதாக நினைப்பதெல்லாம் பிரமை. கால்பந்து அபிமானமும் இவ்வகையைச் சேர்ந்ததுதானோ என்று நமக்கு ஒரு சந்தேகம்.

சந்தேகத்தைக் கிளப்பியவன் நம் வகுப்பு மாணவன். லிவர்பூல் கழகத்தின் சிவப்புச் சட்டையுடன் மைதானத்தில் நின்றான். வைப்பாற்றங்கரைப் பிள்ளைக்கு ஆங்கில நாட்டுத் துறைமுகத்தின்மேல் இத்தனை வாஞ்சை வந்தது எப்படி என்று விசாரித்தோம்.

"அண்ணனுக்குச் சட்டை சின்னதாப் போச்சு சார். எனக்கு வந்துச்சு. அதிலேர்ந்து நானும் லிவர்பூல்தான்" என்றான்.

சிரித்துவிட்டோம். பிற்பாடு யோசித்தால், சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. 2014-இல் சென்னையின் எப்.சி. உதயமானபோது, அதன் ஆட்டம் ஒன்றையும் பாராமலே, பெயரில் சென்னை இருக்கிறதே என்று அதன் பக்கம் சேர்ந்தவர்கள்தானே நாம்!

கல்கத்தாவிலோ இது குலாசாரம். 1889-இல் தோன்றிய மோகன் பகான் கழகம், 1911 ஜூலை 29 அன்று ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை 2-1 என்று முறியடித்தது. வெள்ளையர் காலில் பூட்ஸ். நம்மவரில் ஒருவர் நீங்கலாக மற்றப் பத்துப் பேரும் வெறுங்கால். சிவதாஸ் பாதுரி ஒரு கோல், அபிலாஷ் கோஷ் ஒரு கோல். அன்று தேசமே மோகன் பகான் கட்சியாகிவிட்டது.

1920-இல் ஈஸ்ட் பெங்கால் பிறந்தது. ஜோராபகான் கழகம் ஓர் ஆட்டக்காரரை ஒதுக்கிவிட்டதே என்று கோபித்து வெளியேறிய சுரேஷ் சந்திர சௌத்ரி முதலானோர் தொடங்கியது அது. கோபத்தில் பிறந்த கழகத்துக்கு 1947 வேறொரு பொருளைக் கொடுத்தது. பிரிவினையால் வீடும் நிலமும் இழந்து கல்கத்தா வந்து சேர்ந்தவர்களுக்கு, விட்டுவந்த மண்ணின் பெயராவது மிஞ்சியிருந்தது அங்கேதான். அவர்கள் வேறு எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? பத்மா நதியைக் கண்ணால் காணாத பேரன்மாரும் சிவப்பும் பொன்னிறமுமான கொடியையே பிடிக்கிறார்கள். அக்கட்சி ஜயித்தால் வீட்டில் ஹில்சா மீன். மோகன் பகான் ஜயித்தால் இறால். சைவர்கள் எக்கட்சியில் சேருவதோ தெரியவில்லை!

இந்த அபிமானம் உயிரையும் குடித்திருக்கிறது. 1980 ஆகஸ்டு 16-இல் ஈடன் தோட்டத்தில் இவ்விரு கழகங்களும் மோதியபோது, பார்வையாளரிடையே மூண்ட கலவரத்தில் 16 பேர் மாண்டார்கள். இராச் சோற்றை எடுத்துவைத்துக் காத்திருந்த தாய்மாருக்கு எந்தக் கட்சியானால் என்ன?

2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் கொடுமைக்குள்ளாகிக் கொலையுண்டார். நகரம் கொதித்தது. 18-ஆம் தேதி நடக்கவிருந்த டூரண்ட் கோப்பை ஆட்டம் ரத்தாயிற்று. ஆட்டமில்லாத சால்ட் லேக் மைதானத்தின் வெளியே இரு கழகத்து அபிமானிகளும் ஒன்றாகத் திரண்டார்கள். முகமதன் ஸ்போர்ட்டிங் கட்சியாரும் வந்து சேர்ந்தார்கள். ஒரு கட்சிக்காரன் தோளில் மறு கட்சிக்காரன் ஏறி நின்று நீதி கேட்டுக் கோஷமிட்டான். போலீசார் தடியடி நடத்தினார்கள்.

இதை வகுப்பில் சொன்னோம். சிவப்புச் சட்டைக்காரன் கை தூக்கி, "அப்புறம் ஆட்டம் நடந்துச்சா சார்?" என்றான். அக்டோபர் 19-இல் லீக் போட்டியில் சந்தித்தார்கள், மோகன் பகானுக்கு 2-0 என்று ஜயம் என்றோம். பையன் முகம் சுருங்கியது. ஒரு கதை கேட்பதற்குள் அவன் ஈஸ்ட் பெங்கால் ஆகியிருந்தான்.