கணிப்பொறியின் பூட்டும் அதன் திறவுகோலும்

பொதுமக்கள் உபயோகத்திற்கென வைக்கப்படும் கணிப்பொறி, தனியொருவர் உபயோகிக்கும் கணிப்பொறியினின்றும் வேறுபட்டது. பெங்களூரின் காக்ஸ் டவுனில் வசிக்கும் ஒருவர், ரயில் நிலையத்திலுள்ள தானியங்கிச் சீட்டு யந்திரத்தின் முன் நிற்பதாகக் கொள்வோம். அவர் காண்பது சீட்டுக்குரிய திரை ஒன்றே. உள்ளிருப்பதும் கணிப்பொறியே எனினும், அதிலுள்ள பிற கோப்புகளை அவர் தொட இயலாது. இவ்வாறு ஒரு கணிப்பொறியைக் குறித்த ஒரு பணிக்கு மட்டும் கட்டுப்படுத்துவதற்குக் 'கியோஸ்க் முறை' என்று பெயர்.

இக்கட்டுப்பாடு எவ்விடத்திற்கு ஏற்றது என்பதே முதல் வினா. 1999-ஆம் ஆண்டு ஜனவரியில் சுகதா மித்ரா என்னும் அறிஞர், டில்லியின் கால்காஜிப் பகுதியில் கணிப்பொறி ஒன்றைச் சுவரில் பதித்து, குடிசைவாழ் சிறுவர் தம் விருப்பம்போல் கையாளுமாறு விட்டார். ஆசிரியர் எவருமின்றியே அவர்கள் அதனை இயக்கப் பழகினர். ஆகவே, தாமே ஆராய்ந்து கற்கவேண்டிய இடத்தில் பூட்டு இடையூறாகும். தேர்வுக்கூடத்திலும், பலர் மாறி மாறி உபயோகிக்கும் அலுவலக முகப்பிலும் அது இன்றியமையாதது.

விண்டோஸ் 11-இல் இவ்வசதி 'புரோ', 'எண்டர்பிரைஸ்', 'எஜுகேஷன்' பதிப்புகளில் உண்டு. 'ஹோம்' பதிப்பில் இல்லை. பூட்டுமுன், நிர்வாகி கணக்கு ஒன்று இருப்பதையும், அதன் கடவுச்சொல் செல்லுபடியாவதையும் ஒருமுறை உட்புகுந்து சோதித்தல் வேண்டும். பின்னர் 'செட்டிங்ஸ்' என்னும் அமைப்புப் பக்கத்தில், கணக்குகள் பகுதியிலுள்ள பிற பயனர்கள் என்னும் தலைப்பின்கீழ்க் கியோஸ்க்கைத் தொடங்கலாம். அதற்கெனத் தனிக் கணக்கொன்றை அமைத்து, அதில் இயங்கவேண்டிய ஒரே செயலியைத் தேர்ந்தெடுக்கவேண்டும். உலாவியைத் தேர்ந்தெடுத்தால், குறித்த நேரம் எவரும் தொடாதபோது அது மீண்டும் புதிதாகத் தொடங்குமாறு செய்யலாம்.

இப்பூட்டு திரைக்கு மட்டுமே காவலாகும். வெளியிலிருந்து செருகிய சிறு நினைவகத்தின் மூலம் யந்திரத்தை இயக்க முடியுமாயின் பூட்டினால் பயனில்லை. ஆதலின் யந்திரத்தின் தொடக்க அமைப்பிற்கும் கடவுச்சொல் இடுதல் நலம்.

கட்டுப்பாட்டை நீக்கும் முறை எளிது. கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் உட்புகும் திரை தோன்றும். நிர்வாகியாக உட்புகுந்து, முன்கூறிய பக்கத்திலேயே கியோஸ்க்கை நீக்கி, யந்திரத்தை ஒருமுறை மீண்டும் இயக்கிப் பார்க்கவேண்டும்.

தலைமை அலுவலகத்தின் சர்வரிலிருந்து நிர்வகிக்கப்படும் யந்திரங்களின் நிலை வேறு. அங்கே விதி வந்த இடம் சர்வராகும். யந்திரத்தில் மட்டும் அதனை நீக்கினால், அடுத்த முறை சர்வருடன் தொடர்பு ஏற்பட்டவுடன் கட்டுப்பாடு திரும்பவும் வந்து சேரும். எனவே சர்வரில் அந்த யந்திரத்தை விதியினின்றும் விலக்கி, அம்மாற்றம் யந்திரத்தை வந்தடைந்த பின்னரே சோதிக்கவேண்டும். பள்ளிகளுக்கு வழங்கப்படும் ஆண்ட்ராய்டு பலகைக் கணினிகளுக்கும் இது பொருந்தும். அவற்றுட் சில, முழுவதும் அழித்துப் புதிதாகத் தொடங்கினாலும் அதே நிர்வாகத்தின்கீழ் மீண்டும் சேர்ந்துவிடும்.

நடைமுறையில் நேரும் பெருந்தொல்லை, கடவுச்சொல் ஒருவர் நினைவில் மட்டும் இருப்பதேயாகும். அவர் மாற்றலாகிச் சென்றால், நல்ல யந்திரமும் மூலையில் கிடக்கும். அல்லது, சேமித்த பதிவுகளை இழந்து யாவற்றையும் புதிதாக நிறுவ நேரிடும். கடவுச்சொல்லை எழுதி, உறையிலிட்டு, முத்திரை வைத்துத் தலைமையாசிரியர் அல்லது அலுவலகத் தலைவரின் பொறுப்பில் வைத்தல் வேண்டும். பூட்டிய நாள், காரணம், விதி வந்த இடம் ஆகிய மூன்றையும் இருப்புப் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். பொறுப்பை ஒப்படைக்கும் நாளில், புதியவர் அவ்வுறையைப் பிரித்து, தம் கையாலேயே ஒருமுறை பூட்டைத் திறந்து பார்த்த பின்னரே கையொப்பமிடுதல் முறையாகும்.