பர்ரென்: உழவர் கைபட்ட கல்வெளி

அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில், கிளேர் மாவட்டத்தின் வடபகுதியில், கால்வே விரிகுடாவை வடக்கெல்லையாகக் கொண்டு பரந்து கிடக்கும் பர்ரென் என்னும் மேட்டுநிலம், ஐரோப்பாவின் புகழ்பெற்ற கார்ஸ்ட் நிலங்களுள் ஒன்று. மழைநீரில் கரையக்கூடிய சுண்ணாம்புப் பாறை நெடுங்காலம் அரிக்கப்பட்டு, மேற்பரப்பில் பிளவுகளும் குழிகளுமாகவும், நிலத்தடியில் குகைகளும் நீர்வழிகளுமாகவும் உருமாறிய நிலத்தையே புவியியலாளர் கார்ஸ்ட் என்கின்றனர். தொலைவிலிருந்து பார்ப்போர்க்குச் சாம்பல் நிறப் படிக்கட்டுகளாக அடுக்கிய வெற்றுக் குன்றுகளாகத் தோன்றும் இந்நிலத்தை, மனிதர் கைபடாத பாழ்வெளி என்றே பலரும் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் தவறானது. ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகளாக உழவரும் ஆயரும் தொடர்ந்து வாழ்ந்து, காடழித்து, ஆநிரை மேய்த்து, இறந்தோரைக் கல்லறைகளில் இட்டுவைத்த நிலம் இது. இதன் இன்றைய தோற்றத்தில் பனியாறுகளுக்கு உள்ள பங்குக்குச் சற்றும் குறையாத பங்கு அவர்களுக்கும் உண்டு.

பாறையின் பிறப்பு கடலடியில் நிகழ்ந்தது. ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய அயர்லாந்து நிலநடுக்கோட்டை ஒட்டியிருந்த காலத்தில், அதனை மூடியிருந்த ஆழமற்ற வெதுவெதுப்பான கடலின் தரையில் பவளங்கள், கடல் அல்லிகள், சிப்பி போன்ற ஓட்டுயிர்கள் ஆகியவற்றின் எச்சங்கள் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆயின. அவற்றின் புதைபடிவங்கள் இன்றும் நடப்போர் காலடியிலேயே தென்படுகின்றன. பின்னர் அதன்மேல் படிந்த மணலும் சேறும் மணற்கல்லாகவும் களிப்பாறையாகவும் மாறின. கடைசிப் பனியூழியில் நகர்ந்த பனியாறுகள் அந்த மேலுறையின் எச்சங்களையும் பழைய மண்ணையும் பல இடங்களில் சுரண்டி எடுத்துச் சென்றதால் சுண்ணாம்புக்கல் வெளிப்பட்டது. விரிகுடாவுக்கு அப்பாலுள்ள கொனமாராப் பகுதியின் கிரானைட் பாறைத் துண்டுகள் பர்ரெனின் சுண்ணாம்புத் தளத்தின்மேல் ஆங்காங்கே தனித்து நிற்பது, அப்பனியாறுகள் எத்திசையிலிருந்து வந்தன என்பதற்குக் கண்கூடான சான்று.

பனி உருகிய பின் மழையின் வேலை தொடங்கிற்று. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு மழைநீரில் கரைந்து அதனை மென்மையான அமிலமாக்குகிறது. அந்நீர் பாறையில் ஏற்கெனவே இருந்த நேர்கோட்டு வெடிப்புகளின் வழியே இறங்கி அவற்றை அகலப்படுத்துகிறது. இவ்வாறு உண்டான ஆழ்ந்த பிளவுகள் கிரைக் எனவும், அவற்றுக்கு இடையே எஞ்சி நிற்கும் தட்டையான பாறைப் பலகைகள் கிளின்ட் எனவும் வழங்கப்படுகின்றன. அயர்லாந்தின் மேற்குக் கரையில் மழைக்குக் குறைவில்லை. ஆயினும் பெய்த நீரெல்லாம் பிளவுகளில் இறங்கி மறைந்துவிடுவதால், கடல்வரை நிலத்தின்மேலேயே ஓடிச் சேரும் ஆறு என இங்குச் சொல்லத்தக்கது கஹர் என்னும் சிற்றாறு ஒன்றே. நிலத்தடி நீர்மட்டம் உயரும்போது தரையிலுள்ள துளைகளின் வழியே நீர் மேலெழும்பி, புல்வெளியாக இருந்த பள்ளங்களை ஏரிகளாக்கிவிடுகிறது. வறண்ட பருவத்தில் அதே துளைகளின் வழியே நீர் வடிந்து, மாடுகள் மீண்டும் மேய வருகின்றன. டர்லக் எனப்படும் இத்தகைய பருவகால ஏரிகள் அயர்லாந்துக்கு வெளியே மிக அரியவை. நீர் இல்லாத நாளில் செல்வோரும், பாறைகளிலும் கல்சுவர்களிலும் கருநிறப் பாசி எந்த உயரம்வரை படர்ந்துள்ளது என்பதைக் கொண்டு வெள்ளத்தின் உயரத்தை அறிந்துகொள்ளலாம்.

பர்ரெனில் உள்ள தொல்லியல் சின்னங்களுள் தலையாயது, பாலிவான் ஊருக்குத் தெற்கே செல்லும் சாலையை அடுத்து, பாறைத் தளத்தின் நடுவே நிற்கும் பூல்நாப்ரோன் கல்லறை. உயர்ந்த இரு வாயிற்கற்களையும் அவற்றின் பின்னே பக்கக் கற்களையும் நட்டு, முன்புறம் உயர்ந்தும் பின்புறம் தாழ்ந்தும் சாயுமாறு பெரியதொரு மூடுகல்லை அவற்றின்மேல் ஏற்றி அமைக்கும் இவ்வகையைத் தொல்லியலாளர் வாயிற்கல்லறை என வகைப்படுத்துவர். இதன் மூடுகல் ஏறத்தாழ 4 மீட்டர் நீளமுள்ள மெல்லிய பலகை. அக்கல்லைத் தேடி மலையைக் குடைய வேண்டிய தேவை அம்மக்களுக்கு இருக்கவில்லை. அடுக்கடுக்காகப் பெயரும் சுண்ணாம்புத் தளமே இத்தகைய பலகைகளை அவர்களுக்கு வழங்கியது. தமிழகத்தில் கற்திட்டை என வழங்கும் ஈமச்சின்னத்தை இது வடிவத்தில் ஒத்திருந்தாலும், தமிழகத்துக் கற்திட்டைகள் இரும்புக் காலத்தவை. பூல்நாப்ரோனோ உலோகத்தையே அறியாத புதிய கற்கால உழவர் எழுப்பியது. இரண்டுக்கும் இடையே ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளி இருக்க, வடிவ ஒற்றுமை ஒன்றை மட்டும் கொண்டு உறவு கற்பிப்பது பொருந்தாது.

வாயிற்கற்களுள் ஒன்றில் விரிசல் காணப்பட்டு, அதனைச் சீர்செய்ய வேண்டிய தேவை எழுந்தபோது, 1986, 1988 ஆகிய ஆண்டுகளில் தொல்லியலாளர் ஆன் லிஞ்ச் இங்கு அகழாய்வு நடத்தினார். கல்லறையின் உள்ளேயும் அதன் தரையிலுள்ள பாறைப் பிளவுகளிலும் ஆண், பெண், குழந்தைகள் என முப்பதுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கலைந்து கலந்த நிலையில் கிடைத்தன. கதிரியக்கக் கரிமக் கணிப்பின்படி அவை கி.மு. 3800க்கும் கி.மு. 3200க்கும் இடைப்பட்டவை. ஒரே நிகழ்வில் மாண்டவர்களின் புதைகுழி அன்று இது. பல தலைமுறைகளாக, ஒரு சமூகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரை மட்டும் இட்டுவைத்த இடம். மெருகேற்றிய கற்கோடரி, எலும்பாலான பதக்கம், படிகக் கற்கள், மண்கலத் துண்டுகள், அம்புமுனைகள் ஆகியவை அவர்களோடு வைக்கப்பட்டிருந்தன.

எலும்புகள் சொல்லும் வாழ்க்கை கடினமானது. வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் முப்பது வயதை எட்டுமுன்பே இறந்துள்ளனர். கழுத்திலும் தோளிலும் காணப்படும் மூட்டுத் தேய்மானம், இளமையிலேயே பெருஞ்சுமை தாங்கி உழைத்ததைக் காட்டுகிறது. ஓர் ஆணின் இடுப்பெலும்பில் கல்லாலான எறிமுனை ஒன்று முறிந்து பதிந்திருக்கிறது; அதனைச் சுற்றி எலும்பு ஆறியதற்கான அடையாளம் இல்லாமையால், அக்காயம் பட்டபின் அவர் நெடுநாள் வாழவில்லை எனக் கொள்ளலாம். அமைதியான உழவர் சமூகம் என்று கற்காலத்தைக் கற்பனை செய்வோர் இச்சான்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். எனினும் அதே அறையில் கிடைத்த வேறொரு சான்று அதைவிட நெஞ்சைத் தொடுவது. டப்ளினிலுள்ள டிரினிட்டி கல்லூரியின் லாரா காசிடியும் அவருடைய குழுவினரும் 2020இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, இங்கு வைக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ ஆறு மாத ஆண் குழந்தை ஒன்று டவுன் நோய்க்குறியுடன், அதாவது 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக அமையும் நிலையுடன், பிறந்திருந்ததைக் கண்டறிந்தது. அவ்வாய்வு வெளிவந்தபோது, மரபணுவால் உறுதிசெய்யப்பட்ட இத்தகைய நேர்வுகளுள் அதுவே மிகத் தொன்மையானது. அக்குழந்தை தாய்ப்பால் ஊட்டி வளர்க்கப்பட்டதை எலும்பின் வேதியியல் காட்டுகிறது; இறந்தபின், ஊரில் எல்லோருக்கும் கிட்டாத இக்கல்லறையில் அதற்கு இடம் அளிக்கப்பட்டிருக்கிறது. எழுத்தில்லாத ஒரு காலத்தின் பரிவை அறிய இதனினும் தெளிவான ஆவணம் கிடைப்பது அரிது.

கல்லறையின் நினைவு அதனைக் கட்டியவர்களோடு முடியவில்லை. ஈராயிரம் ஆண்டுகள் கழிந்தபின், வெண்கலக் காலத்தில், பிறந்த சில நாட்களே ஆன சிசு ஒன்றை யாரோ இதன் வாயிலருகே கொண்டுவந்து புதைத்துள்ளனர்.

பூல்நாப்ரோன் புகழ்பெற்றதாயினும், பர்ரெனில் எண்ணிக்கையில் மிகுந்தவை ஆப்புக் கல்லறைகள் எனப்படும் பிற்கால வகையினவே. மேற்கு அல்லது தென்மேற்கு நோக்கிய வாயிற்புறம் உயர்ந்தும் அகன்றும் இருக்க, பின்புறம் தாழ்ந்து குறுகிச் செல்வதால் இப்பெயர் பெற்ற இவை, புதிய கற்காலத்தின் இறுதியிலும் வெண்கலக் காலத்தின் தொடக்கத்திலும், கி.மு. 2500ஐ ஒட்டிய நூற்றாண்டுகளில் எழுந்தவை. அயர்லாந்து முழுவதிலும் உள்ள ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆப்புக் கல்லறைகள் மிக நெருக்கமாகச் செறிந்துள்ள இடங்களுள் பர்ரென் ஒன்று. கிளெனின்ஷீன் என்னுமிடத்தில் சாலையோரத்திலேயே இத்தகைய கல்லறை ஒன்றைக் காணலாம்; அதன் அருகே 1932இல் பாறைப் பிளவு ஒன்றிலிருந்து கிடைத்த பொற்கழுத்தணி, கல்லறையைவிட ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிந்தியது, இன்று டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

இத்தனை மக்கள் ஏன் இக்கல்வெளியை நாடினர் என்னும் வினா இயல்பாகவே எழும். அவர்கள் வந்தபோது இது கல்வெளியாக இருக்கவில்லை என்பதே விடை. ஏரிச் சேற்றில் அடுக்கடுக்காகப் படிந்துள்ள மகரந்தத் துகள்களை ஆராய்ந்தோர், அக்காலத்தில் பைன், எல்ம், ஹேசல் முதலிய மரங்கள் இங்கு வளர்ந்திருந்ததை நிறுவியுள்ளனர். மெல்லிய மண்ணும் மரங்களும் மூடியிருந்த நிலத்தை உழவர் திருத்தினர். வேர்களின் பிடி தளர்ந்த மண், மழையில் கரைந்து பிளவுகளுக்குள் இறங்கிற்று. பனியாறு தொடங்கிய வேலையைக் கோடரியும் மேய்ச்சலும் முடித்துவைத்தன என்று கூறின் அது மிகையாகாது.

மண் போயினும் மாடுகள் போகவில்லை. உலகின் பல மலைநாடுகளில் ஆநிரைகளைக் கோடையில் மேட்டுக்கும் குளிர்காலத்தில் தாழ்நிலத்துக்கும் ஓட்டுவது வழக்கமாக இருக்க, பர்ரென் உழவர் அதனை மாற்றிச் செய்கின்றனர். சுண்ணாம்புப் பாறை கோடையின் வெப்பத்தை உள்வாங்கி மெல்ல வெளிவிடுவதாலும், நீர் தேங்காத தரை காய்ந்தே இருப்பதாலும், அக்டோபர் முடிவில் மாடுகள் மேட்டுக்கு ஏறி இளவேனில்வரை அங்கேயே மேய்கின்றன. குளிர்காலத்தில் முரட்டுப் புல் மேயப்பட்டுவிடுவதால், மே மாதத்தில் பூக்கும் சிறு செடிகளுக்கு ஒளியும் இடமும் கிடைக்கின்றன. அவை பூக்கும் வேளையில் மாடுகள் இறங்கிவிடுகின்றன. ஆல்ப்ஸ் மலைக்குரிய நீலநிற ஜென்ஷியனும், வடதுருவப் பகுதிக்குரிய மலை ஏவன்ஸும், மத்தியதரைக் கடற்பகுதிக்குரிய ஆர்க்கிட் வகையும் ஒரே நிலத்தில் அருகருகே பூக்கும் விந்தையும், அயர்லாந்தின் இயல்தாவரங்களுள் முக்கால் பங்கை நெருங்கும் வகைகள் இச்சிறு பரப்பில் காணப்படுவதும் இம்மேய்ச்சல் முறையால் காக்கப்படுகின்றன. மேய்ச்சல் நின்ற இடங்களில் ஹேசல் புதர் படர்ந்து, பூக்களையும் கல்லறைகளையும் ஒருங்கே மூடிவிடுகிறது. 2005இல் தொடங்கிய பர்ரென்லைஃப் திட்டமும் அதன் வழிவந்த திட்டங்களும் இவ்வுண்மையை உணர்ந்து, புல்வெளியின் நலத்தை மதிப்பெண்ணிட்டு அதற்கேற்ப உழவருக்குப் பணம் வழங்கும் முறையைக் கொண்டுவந்தன. வேலியிட்டு மனிதரை வெளியேற்றுவதே இயற்கைப் பாதுகாப்பு என்னும் கருத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு வேண்டியதில்லை.

பர்ரெனின் தென்கிழக்கு மூலையில் 1991இல் நிறுவப்பட்ட தேசியப் பூங்கா, தொடக்கத்திலேயே ஒரு பெருஞ்சர்ச்சையைச் சந்தித்தது. அலையலையாக மடிந்த பாறை அடுக்குகளைக் கொண்ட முல்லாக்மோர் குன்றின் அடிவாரத்தில் பார்வையாளர் மையம் ஒன்றைக் கட்ட அரசு முனைந்தபோது, வண்டிகளும் கழிவுநீரும் பூங்காவின் நடுவிடத்தையே கெடுக்கும் என உள்ளூர் மக்கள் பலர் எதிர்த்தனர், வேலைவாய்ப்பை எதிர்பார்த்த வேறு பலர் ஆதரித்தனர், ஊர்கள் பிளவுபட்டன. அரசுத் துறையும் திட்ட அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என 1993இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் பணி நின்றது. 2000ஆம் ஆண்டில் அனுமதி இறுதியாக மறுக்கப்பட்டு, பாதி எழுந்த கட்டுமானம் பின்னர் அகற்றப்பட்டது. எதிர்த்தோர் பக்கமே நியாயம் இருந்தது என்பதை, இன்று அவ்விடத்தைக் காண்போர் உணர்வர். பூங்காவின் தகவல் மையம் இப்போது கோரஃபின் ஊருக்குள் இருக்கிறது. கோடையில் அங்கிருந்து பூங்காவுக்குப் பேருந்து செல்கிறது.

செல்ல விரும்புவோர், பூங்காவும் பூல்நாப்ரோனும் வெவ்வேறிடங்கள் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்; கல்லறை பூங்கா எல்லைக்கு வெளியே உள்ளது. இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. பூங்காவில் வண்ணக் குறியிட்ட நடைபாதைகள் பல உள்ளன. அரை மணி நேரத்தில் முடிபவையும், குன்றின்மேல் ஏறிச் சில மணி நேரம் எடுப்பவையும் அவற்றுள் உண்டு. பூக்களைக் காண மே மாதம் ஏற்றது. டர்லக் ஏரிகள் நிறைந்திருப்பதைக் காணக் குளிர்காலமே தக்கது. நனைந்த சுண்ணாம்புக்கல் வழுக்கும்; கிரைக் பிளவுகளில் கால் சிக்கினால் எலும்பு முறியும்; கணுக்காலைத் தாங்கும் காலணி இன்றியமையாதது. நாய்களை அழைத்துச் செல்லலாகாது, கல்சுவர்களின்மேல் ஏறலாகாது; ஏனெனில் இது மேய்ச்சல் நிலம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பூல்நாப்ரோனைக் காண வருவோரிற் சிலர், சுற்றிலுமுள்ள பாறைத் தளத்திலிருந்து கற்களைப் பெயர்த்து, விளையாட்டாகச் சிறு கற்திட்டைகளை அடுக்கிவிட்டுச் செல்கின்றனர். அவ்வாறு பெயர்க்கப்படும் ஒவ்வொரு கல்லாலும், அதன் நிழலில் வளர்ந்த செடியும் அதன்கீழ் வாழ்ந்த உயிரும் அழிகின்றன. தொல்லியலாளர் படிக்க வேண்டிய தடயமும் குலைகிறது. பர்ரெனுக்குச் செல்லும் வாசகர் எவரும் அங்கு ஒரு கல்லையும் பெயர்க்காமல், ஒரு கல்லின்மேல் இன்னொன்றை அடுக்காமல் திரும்பி வருவாராக.